மூன்று நாள் நீவிய தோள்

எங்கள் தெருவில் என் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. நான் யாரிடமும் வைத்தியம் கற்றுக்கொண்டவள் இல்லை. ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்களைப் பெற்றேன், அவ்வளவுதான். இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் தொட்டு நீவிவிட்டால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளைகளைத் தொட்டிலில் போட்ட மாதமே முதல் ஆள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் பச்சை உடம்புக்காரி, உட்காரவே முடியவில்லை. ஆனாலும் நீவினேன். மறுநாள் அவர் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு போனார் என்று தெரு முழுக்கப் பேச்சு.

அதற்கென்று முறை உண்டு. காலையும் மாலையும் நீவ வேண்டும், மூன்று நாள் நீவ வேண்டும், நடுவில் விடக் கூடாது, காசு வாங்கக் கூடாது. இதையெல்லாம் யார் எனக்குச் சொன்னார்கள் என்று நினைவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் போல நான் எல்லோருக்கும் சொல்வேன். மூன்று நாள் முடிவதற்குள் யாராவது ஆஸ்பத்திரிப் பக்கம் போனதாகத் தெரிந்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். வயதானால் குறையும் என்றார்கள், குறையவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டைக்குப் போய்வரும் ஒரு முதலாளியின் வண்டி. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது மேலே மல்லிகை மூட்டைகள் ஈரச் சாக்கோடு வரும். அவர் சட்டையைத் துவைத்தால் வேர்வையும் டீசலும் பூவும் கலந்து ஒரு வாடை அடிக்கும். அந்தக் காலத்து வண்டியில் கியர் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. இடது கையால் அந்தக் கம்பியை உலுக்கி இழுத்து, அது உறுமிக்கொண்டு மறுக்கும்போது மறுபடியும் தள்ளி, ஒரு நடைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. எந்த டிரைவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் இடது தோளைத்தான் காட்டுவார். அதனால் அவரும் இடது தோளைக் காட்டியபோது எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. பெண்களுக்கு ஏழு வயது. அவருக்கு நாற்பத்தொன்று. ஒல்லியான உடம்பு, பீடியைத் தவிர வேறு பழக்கம் இல்லை, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"இந்தா, இந்தக் கையச் செத்த நீவி விடு. தோள்ல பிடிச்சு முழங்கை வரைக்கும் இழுக்குது" என்றார்.

நல்லெண்ணெயைக் காய்ச்சித் தொட்டு நீவினேன். தோள்பட்டைக்குப் பின்னால் என் கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ ஒன்று உருண்டது. இதுதான், கையில் சிக்கிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மனித உடம்பில் எங்கே அழுத்தினாலும் ஏதாவது ஒன்று உருளத்தான் செய்யும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பிறகு கால் மணி நேரம் பாயில் படுத்தார். எழுந்தபோது வலி போயிருந்தது. படுத்ததால் போன வலி அது. நான் என் கையால் போனது என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நீவிவிட்டுத்தான் அனுப்பினேன். அன்றைக்குக் கிளீனர் வரவில்லை என்று அவரே வண்டி மேலே ஏறிப் பூ மூட்டைகளைக் கட்டினாராம். இறங்கும்போது கையோடு கீழ்த்தாடையும் வலித்ததாம். சொத்தைப் பல் ஒன்று அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. கிராம்பைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றேன். புளிச்ச ஏப்பம் வருகிறது, மேல் வயிறு அடைத்துக்கொண்டிருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் இரண்டு சோடா குடித்தும் தீரவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் நாலு பேர் சேர்ந்து கடையில் பிரியாணி தின்றார்கள் அல்லவா, அதுதான் என்றேன். ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பார்த்தீர்களா, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. தோளுக்குக் கியர், தாடைக்குச் சொத்தைப் பல், வயிற்றுக்குப் பிரியாணி. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று எனக்கு எட்டவே இல்லை.

அவர் ஒரு தடவைகூட நெஞ்சைப் பிடிக்கவில்லை. நாடகத்தில் பார்த்திருக்கிறோம், ராஜா பார்ட் போடுகிறவர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று வசனம் பேசிவிட்டு விழுவார். இவர் அப்படி ஒரு தடவை பிடித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் அவர் காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, இன்றைக்கு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கம்பவுண்டரிடம் கையைக் காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டார். கேட்டார் என்றால், என்னிடம் அனுமதி கேட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"ரெண்டு நாள் நீவியாச்சு. மூணாம் நாளு நடுவுல விட்டா சுளுக்கு நரம்புல எறங்கிரும். ஊசியப் போட்டு அந்த ஆளு கைய வெளங்காமப் பண்ணிட்டா வண்டிய யாரு ஓட்டுறது?" என்றேன்.

அவர் எதிர்த்துப் பேசுகிற மனிதர் இல்லை. சரி என்று போய்விட்டார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பசியாக இருக்கும் என்று சோற்றைப் போட்டேன். பாதியில் எழுந்துவிட்டார். நான் என் பாட்டுக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீவி முடித்தபோது அந்தத் தோள் கன்றிப்போயிருந்தது. என் கட்டைவிரல் தடம் இரண்டும் நீலமாகப் பதிந்திருந்தது. ரத்தம் கட்டினால் சுளுக்கு இளகுகிறது என்று அர்த்தம் என்று அவருக்கு விளக்கமும் சொன்னேன்.

வியாழக்கிழமை பகலில் அவர் நடு வேலையில் வீட்டுக்கு வந்தார். அப்படி அவர் வந்ததே கிடையாது. வண்டியை ஸ்டாண்டில் இன்னொருவரிடம் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். உள்ளே வந்ததும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மூடாப்பு, வெயிலே இல்லை. அவர் சட்டை மட்டும் குளித்துவிட்டுத் துவட்டாமல் மாட்டியதைப் போல உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. முற்றத்துக்குத் தவழ்ந்து போய் வாந்தி எடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கையை வைத்ததும் தட்டிவிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் என் கையைத் தட்டிவிட்டது அதுதான் முதல் தடவை. மூச்சு முட்டுது, தொடாதே என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இவ்வளவு வலியிலும் வீம்பு குறையவில்லை பார், மூன்று நாள் உயிரைக் கொடுத்து நீவியவளுக்கு இதுதான் மரியாதையா என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்தக் கத்தலுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். தோல் வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். எனக்கும் அவளுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவள் ஆடு சுவர் ஏறிக் குதித்து நான் காயப்போட்ட கூழ்வற்றலைத் தின்றுவிட்டது. நான் ஆட்டைத் திட்டுவதாக ஆரம்பித்து அவள் வீட்டு ஆட்களில் போய் முடித்தேன். அதிலிருந்து இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயடியில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அன்றைக்கு அவள் வீட்டு ஆண்கள் எல்லோரும் அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவள் ஒரு நிமிஷம் இவரைப் பார்த்தாள். தெருவைச் சுற்றிக்கொண்டு வராமல் சுவரைத் தாண்டியே குதித்து வந்தாள். நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள்.

"யக்கா, ஒடம்பு சில்லுன்னு இருக்கு. காய்ச்சல் இல்லாம இப்படி வேர்த்தா இது சுளுக்கு இல்லக்கா. எங்கண்ணனுக்கு இப்படித்தான் வேர்த்துச்சு. வயித்துவலின்னு படுத்தாரு, எந்திரிக்கல."

"நெஞ்சு வலியே இல்லைங்கிறாரே?" என்றேன்.

"அவருக்கும் இல்ல" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் ஓடினாள். வெளியே போவதென்றால் வெள்ளைத் துப்பட்டியால் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு போகிறவள், அன்றைக்கு அது இல்லாமலே தெருமுனைக்கு ஓடிக் குதிரை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் எழுந்து நடக்கப் பார்த்தார். கூடாது என்று அதட்டிவிட்டு, வண்டிக்காரரைத் தலைமாட்டில் பிடிக்கச் சொல்லிக் காலை அவள் தூக்கினாள். நான் இடுப்பைப் பிடித்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றாள். வண்டி கிளம்பும்போதும் அவள் காலில் செருப்பு இல்லாமல் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டையை முழுவதும் கழற்றச் சொன்னார். கழற்றியதும் அந்தத் தோள் தெரிந்தது. கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

யார் இப்படி அமுக்கியது என்று டாக்டர் கேட்டார். நான் கட்டில் பக்கத்தில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டே, பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் சுளுக்கு எடுத்தான் என்றார். எத்தனை நாளாக வலி என்று கேட்டதற்கு, இன்றைக்குக் காலையிலிருந்துதான் என்றார். மூச்சு விடவே திணறுகிற மனிதர், எனக்காக இரண்டு பொய் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆட்டுக்காகத் தெருவைக் கூட்டியவள், புருஷன் உயிருக்கு ஒரு உண்மையைச் சொல்லவில்லை. இதை நான் எவ்வளவு எழுதினாலும் என் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீராது.

ஊசி போட்டார்கள். வலி அடங்கியதும் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பஸ் முதலாளி தன் காரைக் கொடுத்தார். பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நாற்பது மைல் சொச்சம். வழியெல்லாம் அவர் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அம்மையநாயக்கனூர் தாண்டும்போது, மூச்சு வருது, கையை எடு என்றார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் நெஞ்சிலும் ஒயரைக் கட்டி ஒரு மிஷினில் படம் எடுத்தார்கள். நீளமான காகிதத்தில் கோழி கிண்டியது மாதிரிக் கோடுகள் வந்தன. அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெரிய டாக்டர், இருதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது, அதனால் ஒரு பகுதி செத்துவிட்டது, மீதியை வைத்துத்தான் இனிமேல் பிழைக்க வேண்டும் என்றார். நெஞ்சில் வலிக்கவே இல்லையே என்று நான் அவரிடமும் கேட்டேன். எத்தனை பேரிடம் கேட்டாலும் எனக்கு அது தீரவில்லை.

"மாரடைப்புன்னா மாருலதான் வலிக்கணும்னு இல்லம்மா. சில பேருக்குக் கையில வலிக்கும், சில பேருக்குத் தாடையில. சில பேரு வாயுன்னு சோடா குடிச்சுக்கிட்டே செத்துப்போறாங்க" என்றார்.

சோடா என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அவரிடம் சோடாவைப் பற்றிச் சொல்லவே இல்லை.

ஆறு வாரம் அசையக் கூடாது என்பது உத்தரவு. இப்போதெல்லாம் மூன்றாம் நாளே நடக்கச் சொல்கிறார்களாம். அன்றைக்கு அப்படி இல்லை. பல் தேய்க்கக்கூடக் கையைத் தூக்கக் கூடாது. சோற்றை ஊட்டிவிட வேண்டும். மலஜலம் எல்லாம் படுக்கையில்தான். உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாப் பருப்பு. அவ்வளவு பெரிய வண்டியைத் தனி ஆளாகத் திருப்பி நிறுத்துகிறவர், நான் துடைத்துவிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். வெளியே குழாயடிக்குப் போய் நானும் அழுவேன்.

அடுத்த கட்டிலில் அதே நோய்க்காரர் ஒருவர் இருந்தார். ஜவுளிக் கடையில் வேலை. நன்றாகப் பேசுவார், எங்களுக்குத் தைரியம் சொல்வார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மத்தியானச் சாப்பாடு ஆனதும், படுக்கையில் போவதற்குக் கூச்சமாக இருக்கிறது, பத்தடிதானே என்று கக்கூசுக்கு எழுந்து நடந்தார். திரும்பி வரவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அசையச் சொன்னாலும் அசையமாட்டார். பகலெல்லாம் அவர் மேல் போர்த்தியிருந்த துணி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செத்த நேரம் கண்ணசந்துவிட்டால் திடுக்கிட்டு எழுந்து முதலில் அந்தத் துணியைத்தான் பார்ப்பேன்.

உடம்பு துடைக்கும்போது இடது தோளுக்கு மட்டும் வார்டு ஆயாவைக் கூப்பிடுவேன். என்னால் அதைத் தொட முடியவில்லை. நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஊரில் பிள்ளைகள் இருவரும் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். தலை பின்னி, சோறு கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான். என் சொந்தக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த இடத்தில், பிள்ளைகள் அந்த வீட்டில் சாப்பிடுகிறதுகளாமே என்று இழுத்தாள். நான் கொடுத்த கொடுப்பில் அவள் கொண்டுவந்த பழத்தைக்கூட வைக்க மறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழியில் வீட்டுக்கு வந்தோம். முதலில் வாசல் வரைக்கும் நடந்தார், பிறகு தெருமுனை வரைக்கும். நாக்குக்கு அடியில் வைக்கிற சின்ன மாத்திரை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை ஒரு டப்பியில் போட்டு அவர் சட்டைப் பையிலும் இன்னொன்றை என் இடுப்பிலும் வைத்திருந்தோம். வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், நோயாளியைப் பார்க்க அல்ல, சுளுக்குக்கு. நான் இனிமேல் நீவுவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? கழுத்துச் சுளுக்கோடு வந்த ஒருத்தி, புருஷன் பிழைத்ததும் இவளுக்குத் திமிர் வந்துவிட்டது என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். வேறு சமயமாக இருந்தால் அவளை நான் விட்டிருக்கமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவருக்கு வீடு கசக்க ஆரம்பித்தது. காலையில் அவருடைய வண்டி ஹாரன் சத்தம் கேட்கும். பெரிய ரோட்டில் போகிற எத்தனையோ வண்டிகளில் அது மட்டும் அவருக்குத் தெரியும். கியர் மாற்றத் தெரியவில்லை, கொல்லுகிறான் என்று முணுமுணுப்பார். முதலாளி நல்ல மனிதர், ஸ்டாண்டில் உட்கார்ந்து வண்டிகள் வந்து போகிற நேரத்தை எழுதுகிற வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இவருக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டத்தான் வேண்டும் என்றால் டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவரட்டும் என்றார் முதலாளி. மதுரை டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் காலையில் நடக்கப் போகிறேன் என்று போனவர் மத்தியானம் ஒரு காகிதத்தோடு வந்தார். டவுனில் லாரிக்காரர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற ஒரு டாக்டரிடம் வாங்கியிருக்கிறார். நாளை மறுநாளிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்றார்.

நான் வீட்டை இரண்டாக்கினேன். செத்துப்போன இருதயத்தை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டப் போகிறீர்களா, இந்தப் பிள்ளைகளை என்ன செய்வேன், எதற்காக ஆறு வாரம் பீயும் மூத்திரமும் அள்ளினேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் காக்கிச் சட்டையை எடுத்து மடித்துவைத்துக்கொண்டிருந்தார். காதிலேயே வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய கண்டக்டர் வந்தான். இவர் மறுபடி வண்டிக்கு வருகிற செய்தி கேட்டு வந்திருக்கிறான். நிலக்கோட்டையிலிருந்து எனக்கு ஒரு பந்து மல்லிகை வேறு. சின்ன வயசுப் பையன், சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை. இனிமேல் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு என்னை வாளியோடு கிணற்றுக்கு விரட்டாதீர்கள் அண்ணே என்று சிரித்தான். என்ன கிணறு என்று கேட்டேன். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அந்தப் புதன்கிழமை, திரும்பி வருகிற நடையில், செம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் இவர் வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்றாராம். இவன் தோட்டத்துக் கிணற்றில் மொண்டு வந்து பார்த்தால், இவர் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாராம். ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்ததாம். வண்டி நிறைய ஆட்கள். இஞ்சின் பெட்டி மேல்கூடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களாம். பூக்காரர்கள் நேரமாகிறது என்று கத்தினார்களாம். கால் மணி நேரம் கழித்து எழுந்து மறுபடி ஓட்டினாராம். யாரிடமும் சொல்லாதே என்றாராம்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

பிள்ளைகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கத்த வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன். "அன்னிக்குச் சாயங்காலம் கை எப்படி இருக்குன்னு கேட்டேன்ல. பரவாயில்லன்னு சொன்னீங்கள்ல."

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீ சுளுக்குன்னு சொல்லிட்ட. ஒரு சுளுக்குக்குப் போயி பஸ்ஸ நிப்பாட்டுறோமேன்னு வெக்கமாப் போச்சு. அதான் மறுபடி வண்டிய எடுத்துட்டேன்."

அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். புளியமரத்தடியில் நின்ற அந்த வண்டியும், அதில் இருந்த யாரோ பெற்ற பிள்ளைகளும், அன்றைக்கு அவர் வைத்துவிட்டு எழுந்த பாதிச் சோறும் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. மூன்று நாள் அவரை அப்படி ஓட்ட வைத்தது என் வாய்தான்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சர்ட்டிபிகேட்டை எடுத்தார். பிரித்து எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"இவரு என்னையத் தொட்டுக்கூடப் பாக்கல. பேரக் கேட்டாரு, எழுதிக் குடுத்துட்டாரு. நீ சொல்லு. ஓட்டவா, வேணாமா? நீ சொன்னாச் சரி" என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்கிறார். வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கேட்டுக்கொள்வார் என்பதும் தெரியும். புதன்கிழமை காலையிலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நாளைக்கு மதுரைக்குப் போவோம். அந்தப் பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்லுறேன். மூணு நாளு நான்தான் நீவுனேன்னு சொல்லுறேன். நீங்க புளியமரத்துக்கிட்ட வண்டிய நிப்பாட்டுனதையும் சொல்லுறேன். கேட்டுட்டு அவரு சொல்லட்டும்."

"திட்டுவாரு" என்றார்.

"திட்டட்டும்."

அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை எடுக்காமலே எழுந்து, கதவோரம் போய் நின்று, தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"காலையில ஆறே காலுக்கு வண்டி இருக்கு. முன்னாடி சீட்டு மட்டும் வேணாம். டிரைவரு கையப் பாத்துக்கிட்டு என்னால வர முடியாது."